நம்ம ஊர்ச் செம்மண்ணுக்கு ஃபோர் வீல் டிரைவ் ஆர்சி பக்கி எடுப்பது எப்படி

ஆர்சி பக்கி என்பது ரிமோட்டில் ஓடும் சின்ன மண்தரைக் கார். அந்த வண்டியைத் தேட ஆரம்பிப்பதற்கு முன்னால், அதை ஓட்டப்போகும் இடத்துக்கு ஒரு முறை நடந்து போய் மண்ணைக் கையில் அள்ளிப் பாருங்கள். எத்தனை கிலோமீட்டர் வேகம், எந்த கம்பெனி, என்ன கலர் என்பதெல்லாம் அப்புறம். ரேஸ் பக்கி வாங்கலாமா என்று கேட்டு என் பட்டறைக்கு வருகிற எல்லோருக்கும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

பாலக்கோட்டில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். சப்மெர்சிபிள், மோனோபிளாக், மாவு மில் மோட்டார் என்று எல்லாம் காயில் கட்ட வரும். சாயங்காலம் ஆர்சி பக்கி. காவேரிப்பட்டணம், காரிமங்கலம், தருமபுரி பக்கமிருந்து பையன்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சின்ன ஆலன் கீ, பேரிங் கழற்றும் சாமான், நல்ல சால்டரிங் அயர்ன் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் வருகிறார்கள். அப்படி வந்த வண்டிகளைப் பிரித்துப் பார்த்ததில் எனக்கு உறுதியாகிவிட்ட விஷயம் ஒன்று: பெரும்பாலான வண்டிகள் மோசமானவை அல்ல, இந்த மண்ணுக்குப் பொருந்தாதவை.

நம் பக்கத்தில் ஓட்டுவதற்குக் கிடைக்கும் இடங்கள் மூன்று நான்கு வகைதான். ஒன்று, கோடையில் வற்றிய ஏரி. வண்டல் காய்ந்து இறுகியிருக்கும், வெடிப்பு இருக்கும், ஆனால் கல் கிடையாது. இரண்டாவது, பைபாஸ் ஓரத்தில் விற்காமல் கிடக்கும் லேஅவுட். செம்மண் கொட்டி ரோலர் விட்டிருப்பார்கள், மேலே சரளை உதிரியாகக் கிடக்கும். மூன்றாவது, காய் இறக்கி முடித்த மாந்தோப்பு. மண் பொலபொலவென்று இருக்கும், சருகும் குச்சியும் கிடக்கும். நான்காவது, களத்துமேடு. சாணம் மெழுகிய களமாக இருந்தால் அதைவிட நல்ல தரை இந்த மாவட்டத்தில் கிடையாது, ஆனால் அங்கே ஓட்ட வீட்டுப் பெரியவர்களின் அனுமதி வேண்டும்.

இதில் கல்தான் முக்கியம். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டுமே கருங்கல் பூமி. மேலே செம்மண் தெரிந்தாலும் உள்ளே கல் சிதறல் இருக்கும். அதனால் கல்லின் அளவை வைத்து வண்டியின் அளவை முடிவு செய்யுங்கள்.

ரேஸுக்குச் செட் செய்த 1/10 அளவு (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு) பக்கியின் அடித்தட்டு தரையிலிருந்து ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும். 1/8 பக்கி 26 முதல் 30 மில்லிமீட்டர். கட்டடத்துக்குப் போடும் முக்கால் ஜல்லி 20 மில்லிமீட்டர் என்பது எல்லோருக்கும் தெரியும். நீங்கள் ஓட்டும் இடத்தில் முக்கால் ஜல்லி அளவுக் கல் அங்கங்கே கிடந்தால், பொறுக்கி எடுத்துவிடும் உத்தேசமும் இல்லையென்றால், 1/10 வேண்டாம். 1/8 எடுங்கள். கல் சிப்ஸ் அளவில், அதாவது விரல் நகம் அளவில் இருந்தால் 1/10 தாராளமாகப் போகும். 1/14 அளவில் வரும் டபிள்யூஎல்டாய்ஸ் 144001 போன்ற சின்ன பக்கிகள் இன்னும் தாழ்வானவை. களம், ஷட்டில்காக் கோர்ட், பள்ளிக்கூட சிமென்ட் தரை இவற்றுக்கு அவை அருமை. சரளை லேஅவுட்டில் ஓட்டினால் ஒரே வாரத்தில் முன் ஆர்ம் (சக்கரத்தை அடித்தட்டோடு இணைக்கும் கை) உடைந்து வரும்.

1/10 பக்கி ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் நீளம், ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல் எடை. 1/8 அரை மீட்டர் நீளம், மூன்று கிலோவுக்கு மேல். எடை இரண்டு மடங்கு என்றால் மோதும்போது விழும் அடியும் அதற்கேற்பக் கூடும். சுற்றிச் சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்தில் 1/8 ஓட்டக் கூடாது. இதை மட்டும் தயவுசெய்து கேளுங்கள்.

பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி போதாதா என்று கேட்பார்கள். ஈரம் தெளித்து இறுக்கிய தரையில் போதும், ஓட்டப் பழகவும் நல்லது. ஆனால் உதிரி மண்ணில் ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். ஃபோர் வீல் டிரைவில் முன் சக்கரமும் சேர்ந்து இழுப்பதால் வளைவின் நடுவிலேயே பவர் கொடுத்து வெளியே வரலாம். பிரேக்கும் நான்கு சக்கரத்திலும் பிடிக்கும். நம் மண்ணுக்கு அதுதான் சரி. பதிலுக்குப் பாகங்கள் அதிகம்: இரண்டு டிஃபரன்ஷியல் (வளைவில் இரு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி), சில வண்டிகளில் மூன்று, அதைச் சுற்றவைக்கும் கிரவுன் பினியன் என்ற பல்சக்கர ஜோடி, இரட்டிப்பு டிரைவ் ஷாஃப்ட், ஒரு கை நிறைய பேரிங். ஓட்டி முடித்ததும் சுத்தம் செய்ய அரை மணி நேரமாவது ஒதுக்க மனமில்லாதவர்கள் இரண்டு சக்கர இழுவையே வாங்கலாம், அதில் குறையொன்றும் இல்லை.

ஷாஃப்டா, பெல்ட்டா

மோட்டாரின் சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் கொண்டுபோகும் வழி ஆரம்பத்திலிருந்தே கம்பெனிக்குக் கம்பெனி மாறித்தான் இருந்திருக்கிறது. 1985-இல் டமியா தன் முதல் ஃபோர் வீல் டிரைவ் பக்கியான ஹாட்ஷாட்டை ஷாஃப்ட் வைத்துக் கொண்டுவந்தது. அதே ஆண்டு க்யோஷோ ஆப்டிமாவைச் சங்கிலி வைத்துக் கொண்டுவந்தது. பின்னால் சங்கிலியின் இடத்தைப் பல்வைத்த பெல்ட் பிடித்துக்கொண்டது.

பெல்ட் வண்டி ஓட்டுவதற்கு வெண்ணெய் மாதிரி இருக்கும். சத்தம் குறைவு, பவர் கொடுக்கும்போது வண்டி ஒரு பக்கம் சாயாது. கம்பளத்திலும் புல்தரையிலும் ஓட்டுகிறவர்கள் அதை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் சரளையில் ஒரு மிளகு அளவுக் கல் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் புகுந்தால் போதும், பல் போய்விடும், சில நேரம் பெல்ட்டே அறுந்துவிடும். மாவு மில்லில் பெல்ட் ஓட்டுகிறவர்களிடம் கேட்டால் இதைவிட நன்றாக விளக்குவார்கள்.

எனவே இங்கே ஓட்டுவதற்கு ஷாஃப்ட் வண்டியே என் தேர்வு. அதிலும் டிஃபரன்ஷியல் பெட்டி முழுக்க மூடியிருக்க வேண்டும், நடு ஷாஃப்டுக்கு மேல் மூடி இருந்தால் இன்னும் நல்லது. டமியா டிடி-02பி இந்த விஷயத்தில் கெட்டிக்கார வண்டி. தொட்டி போன்ற பிளாஸ்டிக் சாசி, மூடிய கியர் பெட்டி. ரேஸில் முதலிடம் வாங்கித் தராது, ஆனால் கற்றுக்கொள்ளும் காலத்தில் மண் உள்ளே போய்ப் படுத்தாது. பந்தயத்துக்கென்றே செய்த அசோசியேட்டட் பி74 வரிசை, எக்ஸ்ரே எக்ஸ்பி4, டெக்னோ இபி410 ஆகியவையும் ஷாஃப்ட்தான். அவற்றில் ஸ்பர் கியர் (மோட்டாரின் பல்லோடு சேரும் பெரிய பல்சக்கரம்) பெரும்பாலும் பாடிக்கு அடியில் திறந்த நிலையில் இருக்கும். பாடிக்கும் சாசிக்கும் உள்ள இடைவெளியை நுரைப்பட்டையோ அகலமான டேப்போ ஒட்டி அடைத்துவிட்டு ஓட்டுங்கள்.

வண்டியைக் கையில் வைத்துப் பார்க்கும்போது நான் கவனிக்கிற அடுத்த இடம் ஸ்லிப்பர் கிளட்ச். மேட்டில் தாவிய வண்டி காற்றில் இருக்கும்போது சக்கரம் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். தரையைத் தொட்ட கணத்தில் நான்கும் ஒரேயடியாக மட்டுப்படும். அந்த அதிர்ச்சி எங்கேயாவது போயாக வேண்டும். ஸ்லிப்பர் இருந்தால் அதன் தட்டு கொஞ்சம் வழுக்கி அதை வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் கிரவுன் பினியனின் பல் வாங்கிக்கொள்ளும். 1/8 பக்கிகளில் இந்த இடத்தில் பொதுவாக நடு டிஃபரன்ஷியல் இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் பவரைப் பங்கிடுவதோடு அதிர்ச்சியையும் அதுவே தணிக்கும். இரண்டில் ஏதாவது ஒன்று இருக்கும் வண்டியாகப் பாருங்கள். டிடி-02பி-யில் இரண்டும் கிடையாது, ஆகவே அதில் பெரிய தாவல் வேண்டாம், மோட்டாரும் மிதமாகவே இருக்கட்டும்.

ஒரு நாள் என் அக்கா மகள், "மாமா, வளைவுல வெளிய வரும்போது மோட்டார் கத்துது, வண்டி நகரல" என்றாள். மோட்டார் கத்துகிறது, வண்டி போகவில்லை என்றாலே முதலில் ஸ்லிப்பர் நட்டைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் இறுக்கியதும் சரியாகிவிட்டது. எங்கள் குழுவில் நிதானமான கை அவளுடையதுதான். வண்டி என்ன செய்கிறது என்று வார்த்தையில் சொல்லத் தெரிந்தவளும் அவளே. புதிதாக ஓட்டுகிறவர்கள் அந்தப் பழக்கத்தை வளர்த்துக்கொண்டால் வண்டி தேர்ந்தெடுப்பதும் சுலபமாகும்.

டிஃபரன்ஷியல் உள்ளே சிலிக்கான் எண்ணெய் இருக்கும். கெட்டியான எண்ணெய் ஊற்றினால் இரு பக்கச் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். மெல்லிய எண்ணெயில் வண்டி வளைவுக்குள் சுலபமாகத் திரும்பும், ஆனால் பவர் கொடுக்கும்போது தரையில் அழுந்தாத சக்கரம் வீணாகச் சுற்றும். வாங்கியவுடன் எண்ணெயை மாற்றிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் மலிவான ரெடிமேட் வண்டி என்றால் ஓட்டுவதற்கு முன்பே பெட்டியைத் திறந்து பாருங்கள். பெயருக்கு ஒரு சொட்டு கிரீஸ் தடவி மூடியிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படியே ஓட்டினால் பல் தேய்ந்து பவுடராகிவிடும்.

மோட்டார்: இது என் தொழில்

மோட்டாரில் எழுதியிருக்கும் 17.5, 13.5, 6.5 என்ற எண்கள் பலரைக் குழப்புகின்றன. அது டர்ன், அதாவது ஸ்டேட்டர் பல்லில் கம்பி எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது என்பது. நம் போர்வெல் மோட்டாரில் வேகத்தைத் தீர்மானிப்பவை கரண்டின் ஃப்ரீக்வென்சியும் போல் எண்ணிக்கையும். 50 ஹெர்ட்ஸில் இரண்டு போல் மோட்டார் 3000-க்குக் கொஞ்சம் கீழேதான் சுற்றும். ஆர்சி பிரஷ்லெஸ் மோட்டார் வேறு ஜாதி. ரோட்டாரே நியோடிமியம் காந்தம். அதே அளவு மோட்டாரில் சுற்று குறையக் குறைய ஒரு வோல்ட்டுக்குக் கிடைக்கும் வேகம் கூடும். அந்த ஒரு வோல்ட் வேகத்தைத்தான் கேவி என்று எழுதுகிறார்கள். சுற்று குறைந்தால் கம்பி தடிமனாக இருக்கும், இழுக்கும் ஆம்பியரும் கூடும். ஆம்பியர் கூடினால் சூடு.

மேல்நாட்டுப் பந்தயங்களில் 1/10 ஃபோர் வீல் டிரைவை 6.5, 7.5 டர்னில் ஓட்டுகிறார்கள். அது தேர்ந்த கைகளுக்கு. ஸ்டாக் (மோட்டாருக்கு வரம்பு வைத்த) வகுப்பில் 13.5 டர்ன். நமக்கு 13.5 டர்ன் வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. நம் லேஅவுட்டில் நேர்கோடு 40 மீட்டர் இருந்தால் அதிகம், அதற்கு மேலான வேகத்தை எங்கே வைத்துக்கொள்வது? இன்னொன்று, சித்திரை வெயிலில் பட்டறைக் கூரைக்குக் கீழேயே எனக்கு 38 டிகிரி காட்டுகிறது. குளிர்நாட்டில் சூடேறாத மோட்டார் இங்கே சூடேறும். ஐந்து நிமிடம் ஓட்டியதும் நிறுத்தி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் காட்டிப் பாருங்கள். 75 டிகிரியைத் தாண்டினால் ஒரு பல் குறைந்த பினியன் (மோட்டார் தண்டில் மாட்டும் சின்னப் பல்சக்கரம்) போடுங்கள். எனாமல் கருகினால் நான் காயில் கட்டித் தர முடியும். ரோட்டார் காந்தம் சூட்டில் பலம் இழந்துவிட்டால் புது ரோட்டார்தான்.

பினியன் வாங்கும்போது பிட்ச் (பல்லின் அளவு) பொருந்துகிறதா என்று பாருங்கள். 1/10-இல் 48 பிட்ச் அதிகம், 1/8-இல் மாட் 1. பல் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் கலந்து போட்டால் ஸ்பர் அன்றைக்கே வழித்துக்கொண்டு போய்விடும்.

சென்சார் உள்ள மோட்டார், அதற்குப் பொருந்தும் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) என்று எடுத்தால் மெதுவாகக் கிளம்பும்போது திக்காது. உதிரி மண்ணில் சக்கரம் சுற்றாமல் நகர்த்த அது பெரிய உதவி. 1/8-க்கு சென்சார் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம்.

பேட்டரி

1/10-க்கு 2எஸ் லிப்போ (இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி), 7.4 வோல்ட். 1/8-க்கு பெரும்பாலும் 4எஸ். அர்மா டைஃபான் போன்றவற்றில் 6எஸ் வரை போகிறார்கள், நம் இடத்துக்கு அது தேவையே இல்லை. ஒரு செல் முழுசாக ஏறினால் 4.2 வோல்ட், ஓட்டும்போது 3.2-க்குக் கீழே இறங்க விடக் கூடாது, நாள்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால் 3.8-இல் நிறுத்தி வைக்க வேண்டும். இஎஸ்சியில் பேட்டரி வகை லிப்போ என்று செட் ஆகியிருக்கிறதா என்று முதல் வேலையாகப் பாருங்கள். நிக்கல் பேட்டரிக்கான செட்டிங்கில் இருந்தால் லிப்போவை உறிஞ்சிச் சாகடித்துவிடும். சார்ஜரை பேலன்ஸ் சார்ஜராகவே (ஒவ்வொரு செல்லையும் சமமாக ஏற்றுவது) வாங்குங்கள். 5000 எம்ஏஎச் பேட்டரிக்கு 5 ஆம்பியர் வைத்தால் ஒரு மணி நேரத்தில் ஏறும், அதற்கு மேல் அவசரம் வேண்டாம். வெயிலில் நிற்கும் பைக்கின் பெட்டியில் லிப்போவை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். உப்பிப்போன பேட்டரியைச் சார்ஜ் போடவே கூடாது, அது தீப்பிடிக்கும். சார்ஜ் ஏறும் நேரம் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

நைட்ரோ எஞ்சின் வண்டியின் சத்தமும் புகையும் பையன்களுக்குப் பிடிக்கிறது. ஆனால் அந்த எரிபொருள் நம் ஊர்களில் கிடைப்பதில்லை. மின்சார வண்டியே எடுங்கள்.

பணக் கணக்கு

ரேஸ் கிட் (பாகங்களாக வரும், நாமே கட்ட வேண்டிய வண்டி) பெட்டியின் விலையைப் பார்த்துவிட்டு அதுதான் மொத்த விலை என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். உயர்தரக் கிட்டில் மோட்டார், இஎஸ்சி, சர்வோ (ஸ்டியரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டார்), ரேடியோ, பேட்டரி, சார்ஜர் எதுவும் வராது. பலவற்றில் டயரும் வராது. பாடி வெறும் கண்ணாடி மாதிரி வரும், நீங்களே வெட்டிப் பெயின்ட் அடிக்க வேண்டும். எல்லாம் சேர்த்தால் கிட் விலையைப் போல் இன்னொரு மடங்கு ஆகிவிடும். கையில் இருப்பது ஒரு வண்டிக்கான பணம் மட்டும் என்றால் ரெடிமேட் வண்டியாக எடுங்கள். அதிலும் மொத்தப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாமல் கால்வாசியை உதிரிபாகத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அந்தக் கால்வாசியில் என்ன வாங்குவது? முன் ஆர்ம் இரண்டு ஜோடி, ஆர்மை மாட்டும் ஹிஞ்ச் பின், ஸ்பர் கியர் ஒன்று, முன் டிரைவ் ஷாஃப்ட் ஒன்று, பேரிங் செட் ஒன்று. பல தொடக்கக் கிட்டுகளில் பேரிங்குக்குப் பதில் பிளாஸ்டிக் புஷ் வைத்து அனுப்புவார்கள். செம்மண் தூள் ஏறினால் அது சீக்கிரம் தேய்ந்து சக்கரம் ஆட ஆரம்பிக்கும், கட்டும்போதே பேரிங் போட்டுவிடுங்கள். 5×10×4, 10×15×4 என்பவை 1/10-இல் அடிக்கடி வரும் அளவுகள். கம்பெனி பெயர் போட்ட பேரிங்தான் வேண்டும் என்று இல்லை. அளவைச் சொன்னால் பேரிங் கடையிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

எந்த வண்டி என்று முடிவுசெய்யும் முன், இந்த உதிரிபாகங்களின் பெயரைச் சொல்லி விற்கிறவர்களிடம் கேளுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 90 கிலோமீட்டர், ஓசூர் வழியாகக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம் என்பது நமக்கு இருக்கும் பெரிய வசதி. அங்கே இருப்பில் உள்ளதா, கூரியரில் ஒரு வாரத்தில் வருமா என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்தான் உண்டு என்றால் சுங்கவரியும் காத்திருப்பும் சேரும், அந்த வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பக்கத்து ஊரில் ஏற்கனவே ஒருவர் அதே மாடல் வைத்திருந்தால் அது ஒரு பெரிய காரணம். எங்கள் குழுவில் பாதிப் பேர் ஒரே சாசி வைத்திருக்கிறோம். ஒருவருக்கு ஆர்ம் உடைந்தால் அன்றைய ஓட்டம் நிற்பதில்லை.

டயர் விஷயத்தில் ஒன்றே ஒன்று. உதிரி மண்ணுக்கு உயரமான முள் உள்ள டயர், இறுகிய தரைக்குச் சின்ன முள், சரளைக்குக் கெட்டி ரப்பர். ஆனால் ஃபோர் வீல் டிரைவில் முன்னும் பின்னும் சேர்த்தே மாற்றுங்கள். முன்பக்கம் தேய்ந்த டயரும் பின்பக்கம் புதுசும் போட்டால் சுற்றளவு வேறுபட்டு, டிரைவ் முழுக்க ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே ஓடும்.

சர்வோ மெட்டல் கியராக, திருப்பும் பலம் 1/10-க்கு 10 கிலோவுக்கு மேல், 1/8-க்கு 20 கிலோ. ரேடியோ 2.4 கிகாஹெர்ட்ஸ் எதுவானாலும் சரி, சிக்னல் போனால் வண்டி நிற்கும்படி ஃபெயில்சேஃப் இருக்க வேண்டும். லேஅவுட்டுக்கு அடுத்தாற்போல் நெடுஞ்சாலை போகிறது என்பதை மறக்காதீர்கள்.

பழைய வண்டி வாங்கினால்

பழைய வண்டியைப் பற்றி எனக்குத் தயக்கம் இல்லை. நன்றாகப் பராமரித்த பழைய பந்தய வண்டி, மலிவான புது வண்டியைவிட மேல். ஆனால் மேசையில் வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பாடியையும் பேட்டரியையும் கழற்றச் சொல்லுங்கள். அடித்தட்டை ஒரு கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள், நான்கு மூலையும் ஒட்ட வேண்டும். ஸ்பர் கியரை விரலால் பிடித்துக்கொண்டு ஒரு பின் சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள், எதிர்ச்சக்கரம் மறு திசையில் வழுவழுவென்று சுற்ற வேண்டும். நொறுநொறுவென்று கைக்குத் தெரிந்தால் டிஃப் பிரிக்க வேண்டியிருக்கும், அதற்கேற்ற விலை பேசுங்கள். முன் சக்கரத்திலும் இதையே செய்யுங்கள். ஷாக்கை முழுசாக அழுத்தி விடுங்கள், தண்டு வளைந்திருந்தால் நடுவில் சிக்கும், எண்ணெய் கசிந்திருந்தால் அடியில் செம்மண் அப்பியிருக்கும். சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. அது பெரிய செலவில்லை, பயப்பட வேண்டாம்.

கூடவே கொடுக்கும் லிப்போவை வாங்காதீர்கள், இலவசமாகக் கொடுத்தாலும். எத்தனை முறை 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியது என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. கடைசியாக, விற்கிறவரையே ஒரு வட்டம் ஓட்டிக் காட்டச் சொல்லி நீங்கள் பக்கத்தில் நின்று காதால் கேளுங்கள். நேராகப் போகும்போது ஒரே சீரான சத்தம் வர வேண்டும். கிளம்பும்போது மட்டும் கட்கட் என்று கேட்டால் கிரவுன் பினியன் பல் உடைந்திருக்கிறது. முன்பக்கமா பின்பக்கமா என்று தெரிய, வண்டியைத் தூக்கிப் பிடித்து ஒரு முனையின் இரண்டு சக்கரத்தையும் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால் போதும்.

லேஅவுட்டில் ட்ராக் போட நினைப்பவர்கள் பழைய போர் ஓஸை வளைவுகளுக்கு வரம்பாகப் போடலாம், வண்டி மோதினாலும் உடையாது. ஓட்டுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் இரண்டு டிரம் தண்ணீர் தெளித்துவிடுங்கள். காலையில் மண் இறுகி, தூசி அடங்கியிருக்கும், பேரிங்கும் கூடுதல் நாள் உழைக்கும்.